காந்தி கணக்கு

கொடுத்த கடன் இனித் திரும்பி வராது என்று தெரிந்துவிட்டால், "அதைக் காந்தி கணக்கில் எழுதிவிட வேண்டியதுதான்" என்று பெருமூச்சு விடுவது தமிழ்நாட்டு வழக்கம். ஓட்டலில் பலகாரம் தின்றுவிட்டுக் காசு கொடாமல் நழுவுகிற ஆசாமிக்கும் இதே சொல்தான். பொதுப் பணத்தில் ஒரு தம்படி செலவானாலும் அதற்குக் கணக்கும் ரசீதும் வேண்டும் என்று ஆயுள் முழுவதும் பிடிவாதம் பிடித்த ஒரு மனிதரின் பெயர், வாராக் கடனுக்கு அடையாளமாகிவிட்ட விந்தையை என்னவென்று சொல்வது!

இந்த வழக்குச் சொல் எப்படிப் பிறந்தது என்பதற்குக் கதைகள் பல உண்டு. சத்தியாக்கிரகத் தொண்டர்களுக்குச் சோறு போட்ட வியாபாரிகள், "காசு வேண்டாம், காந்தி கணக்கில் எழுதிக்கொள்கிறோம்" என்று சொன்னதாக ஒரு கதை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கென்று கொடுத்த பணத்தைக் காந்தி அவரிடம் சேர்க்கவே இல்லை என்று இன்னொரு கதை. முதல் கதை உண்மையோ அல்லவோ, கேட்க இனிமையாக இருக்கிறது. இரண்டாவது கதை உண்மையல்ல என்பதற்குக் கடிதங்கள் சாட்சியாக இருக்கின்றன. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

நாம் இங்கே எடுத்துக்கொண்ட விஷயம் வேறொரு கணக்கு. ஆண்டுதோறும் அக்டோபர் 2-ஆம் தேதி தேசம் நமக்கு ஒரு நாள் ஓய்வு தருகிறது. அந்த ஓய்வு இனாமாக வந்ததா, கடனாக வந்ததா? கடன் என்றால் அதைத் திருப்பிக் கொடுக்கிறோமா, அல்லது அதையும் காந்தி கணக்கில் எழுதிவிட்டோமா?

மூன்று நாள் விடுமுறை

அக்டோபர் 2 வெள்ளிக்கிழமையிலோ திங்கட்கிழமையிலோ விழுந்துவிட்டால் நம் வீடுகளில் உண்டாகும் குதூகலத்தை வர்ணிக்கத் தேவையில்லை. 2020-இல் அது வெள்ளிக்கிழமை, 2023-இல் திங்கட்கிழமை, 2026-இல் மறுபடியும் வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் கூடவே சேர, மூன்று நாள் தொடர் விடுமுறை! பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காலாண்டுப் பரீட்சை முடிந்திருக்கும். சில ஆண்டுகளில் நவராத்திரியும் இதை ஒட்டியே வரும். பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நாள் பார்க்கிற வழக்கம் குறைந்துபோன காலத்திலும், நாள்காட்டியைப் புரட்டி விடுமுறை பார்க்கிற வழக்கம் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது.

பள்ளிக்கூடங்களில் காந்தி ஜயந்தி விழாவை முந்தின நாளே நடத்தி முடித்துவிடுகிறோம். காரணம், ஜயந்தியன்று பள்ளிக்கூடம் கிடையாது! பேச்சுப் போட்டி நடக்கும், வட்டக் கண்ணாடியும் கைத்தடியுமாக ஒரு சிறுவன் வேஷம் போட்டு வருவான், பரிசளிப்பு முடியும், மணி அடித்துவிடும். மறுநாள் காந்தி எங்கே இருக்கிறார் என்று யாரும் தேடுவதில்லை.

ஆவடிக்கு வடக்கே, ஏரியும் பெருமாள் கோயிலுமாக இருக்கும் நமது கோவில்பதாகையிலும் இதே நிலைதான். வெள்ளிக்கிழமை விடியும் முன்பே பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கும். சொந்த ஊருக்குப் போகிறவர்கள், திருப்பதிக்குப் போகிறவர்கள், மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் என்று எல்லாத் திசைகளிலும் ஜனங்கள் கிளம்புவார்கள். தலைநகரத்துக்குள் போகிறவர்கள் சிலரே.

இதைக் குற்றமாகச் சொல்ல நாம் வரவில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் வாரம் முழுவதும் உழைக்கிறவர்களுக்கு ஓய்வு அவசியம். தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களில் அக்டோபர் 2-ஆம் தேதி சம்பளத்துடன் கூடிய விடுமுறையாக இருக்க வேண்டும் என்று 1958-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருக்கிறார்கள். உழைப்பாளியின் ஓய்வைக் காந்தியடிகளே ஆட்சேபித்திருக்க மாட்டார். ஆனால், அந்தச் சட்டத்தைச் செய்தவர்கள் ஏன் அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நம் குழந்தை கேட்டால், நாம் பதில் சொல்லத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக மூன்று நாளில் ஒரு பகலை மட்டும் கேட்கிறோம். ஒரு பகல் போதும். எப்படி என்று பார்ப்போம்.

செங்கல் மண்டபத்தில் ஒரு கணக்கு

கோவில்பதாகையிலிருந்து ஆவடிக்குப் பஸ். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில். சென்ட்ரலைவிட்டு வெளியே வந்தால், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் சிவந்த நிறத்தில் ஒரு பழைய மண்டபம் நிற்பதைக் காணலாம். அதுதான் விக்டோரியா பொது மண்டபம். அன்றாடம் அதைக் கடந்து வேலைக்குப் போகிற நம்மவர்கள் ஆயிரக்கணக்கானோர். அங்கே ஒரு நிமிஷம் நின்று பார்க்கக் காரணம் இருக்கிறது.

1915 ஏப்ரல் மாதத்தில் காந்தியும் கஸ்தூரிபாயும் சென்னைக்கு வந்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பிச் சில மாதங்களே ஆகியிருந்தன. ரயிலடியில் மாணவர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே அதை இழுத்துச் சென்றார்கள். சில தினங்களுக்குப் பிறகு இந்த மண்டபத்தில் வரவேற்பு உபசாரம் நடந்தது. புகழ்மாலைகள் குவிந்தன. காந்தி என்ன செய்தார்? தமக்குச் சூட்டிய புகழை எடுத்து வேறு மூவர் பெயரில் வரவு வைத்தார். நாகப்பன், நாராயணசாமி, வள்ளியம்மை ஆகிய அந்த மூவரும் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் உயிர் நீத்த தமிழ் இளைஞர்கள். நாகப்பன் 1909-லும், நாராயணசாமி 1910-லும், வள்ளியம்மை 1914-லும் மாண்டார்கள். தாம் அவர்களுக்கு ஊக்கம் கொடுத்ததாகச் சொல்வது சரியல்ல என்றும், அவர்களே தமக்கு ஊக்கம் கொடுத்தார்கள் என்றும், கிரீடம் அவர்களுக்கே உரியது என்றும் அன்று அவர் எடுத்துரைத்தார்.

அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 1896 அக்டோபரில், பெயர் தெரியாத இளம் பாரிஸ்டராக அவர் இதே நகரத்துக்கு வந்து பச்சையப்பன் மண்டபத்தில் பேசியிருந்தார். அப்போதும் அவர் பேசியது தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் படும் பாட்டைப் பற்றித்தான். நேட்டாலில் முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்து, கிழிந்த துணியோடு அவரிடம் அழுதுகொண்டு வந்த பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளியின் வழக்கே, அங்கிருந்த ஏழைத் தொழிலாளிகள் எல்லோருடைய நம்பிக்கையையும் அவருக்குத் தேடிக் கொடுத்தது. தமிழர்களிடம் தாம் பட்ட கடனைக் காந்தி ஒருபோதும் மறக்கவில்லை. இது நாம் கவனிக்க வேண்டிய முதல் பாடம். தம்மைக் கொண்டாட வந்த கூட்டத்தில், தாம் யாருக்குக் கடன்பட்டவர் என்று சொன்னாரே, அதுவே மெய்யான ஜயந்தி விழா.

347 ரூபாய் 12 அணா

அந்த 1915 விஜயத்தின்போது காந்தி தம்பதிகள் தங்கியது ஜார்ஜ் டவுனில் தம்புச் செட்டித் தெரு, பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன் அவர்களுக்கு விருந்தாளிகளாக. கப்பல் கம்பெனி வாசலும் மளிகை மண்டியும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்த வட்டாரத்திலேதான் நமது வழக்குச் சொல்லின் மர்மம் அடங்கியிருக்கிறது.

வ. உ. சி. அப்போது சென்னையிலேயே வசித்துவந்தார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனியின் வயிற்றைக் கலக்கிய அந்த வீரருக்கு 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் விடுதலையானபோது வாசலில் மாலையோடு காத்திருந்த கூட்டம் ஏதுமில்லை. கப்பல் போயிற்று, சொத்துப் போயிற்று, வக்கீல் சன்னதும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் குடும்பம் நடத்துவதே பெரும்பாடாக இருந்தது.

தம்மைப் பார்க்க விரும்பிய வ. உ. சி.க்கு, காலை ஆறு மணிக்கு வர இயலுமா என்று காந்தி எழுதினார். ஒரு காலத்தில் சொந்தக் கப்பலில் கொடி பறக்கவிட்டவர், டிராம் வண்டி அத்தனை அதிகாலையில் தம்மைக் கொண்டு சேர்க்குமா என்று யோசிக்க வேண்டிய நிலையில் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் சில அன்பர்கள் உங்களுக்கென்று கொடுத்த பணம் கிடைத்ததா என்று காந்தி விசாரித்தார். கிடைக்கவில்லை. தந்தவர் பெயரும் தொகையும் காந்திக்குத் துல்லியமாக நினைவில்லை. அவற்றை அறிந்துவரத் தென்னாப்பிரிக்காவுக்கு எழுத வேண்டியிருந்தது. கடிதங்கள் போய் வந்தன, மாதங்கள் கழிந்தன. வறுமையில் வாடிய வ. உ. சி., தமக்கு வேண்டியதைக் கேட்கவும் கூசினார், கேளாமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் 1916-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தப் பணம் வந்து சேர்ந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா.

இந்தக் கடிதங்களையெல்லாம் தேடித் திரட்டி, தொகையையே புத்தகத்தின் பெயரில் வைத்து உலகுக்கு அறிவித்தவர் வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள். படித்துப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு உண்மைகள் விளங்கும். காந்தி கணக்கு என்பது திரும்பி வராத கணக்கு அன்று. காலதாமதமாயினும் அணா சுத்தமாகத் தீர்க்கப்பட்ட கணக்கு. அது முதலாவது. அந்தப் பன்னிரண்டு அணாவுக்கும் கூட அருகதையுள்ள தியாகியைத் தமிழ்நாடு அந்நாளில் கவனியாமல் விட்டது என்பது இரண்டாவது. தீராத கணக்கு ஒன்று உண்டென்றால் அது காந்தியின் பெயரில் இல்லை. நம் பெயரில்தான் இருக்கிறது.

கிண்டித் தோட்டத்தில்

சென்ட்ரலுக்கு எதிரே பார்க் நிலையம். அங்கே தாம்பரம் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கினால், சர்தார் பட்டேல் சாலையில் சிறிது தூரத்தில் காந்தி மண்டபம். 1956-இல் ராஜாஜி அவர்களால் திறந்து வைக்கப்பட்டது. காந்தி ஜயந்தியன்று கவர்னரும் மந்திரிகளும் காந்தியடிகளுக்கு மலர் தூவி அஞ்சலி செய்வார்கள். சர்வமதப் பிரார்த்தனை நடக்கும். கதர் உடுத்திய முதியவர்கள் சிலர் மௌனமாக ராட்டை சுற்றிக்கொண்டிருப்பதையும் காணலாம். புகைப்படக்காரர்கள் முதல் காட்சியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் இரண்டாவது காட்சியின் அருகில் சற்று உட்கார்ந்து வருவது நல்லது. பஞ்சு நூலாவதைக் கண்ணால் பார்த்த குழந்தைக்குக் கதர் என்றால் என்னவென்று மறுபடி பிரசங்கம் செய்ய வேண்டியிராது.

காந்தியடிகள் தம் பிறந்த நாளைப் பற்றி நினைத்ததும் அதுவேதான். தம் ஜயந்தியை ராட்டையின் ஜயந்தியாகக் கொண்டாடுங்கள் என்றார். குஜராத்தில் அந்தத் திதிக்கு ராட்டைத் துவாதசி என்ற பொருளில் 'ரெண்டியா பாரஸ்' என்றே பெயர் வழங்குகிறது. 1947 அக்டோபர் 2, அவர் கண்ட கடைசிப் பிறந்த நாள். டில்லியில் வகுப்புக் கலவரத்தின் புகை அடங்காத நேரம். அன்று அவர் உபவாசமிருந்தார், பிரார்த்தனை செய்தார், நூற்றார். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடம், இப்போது வாழ்த்து எதற்கு, அனுதாபம் சொல்வதல்லவா பொருத்தம் என்ற கருத்தில் மனம் நொந்து பேசினார். அறுபது ஆண்டுகள் கழித்து, 2007-இல், ஐக்கிய நாடுகள் சபை அந்த நாளை உலக அகிம்சை தினமாக அறிவித்தது. பிறந்தவர் உபவாசத்தோடு கழித்த நாளை நாம் பிரியாணியோடு கழிக்கக் கூடாது என்று சட்டமில்லை. ஆனாலும், அந்த உபவாசத்தைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டாவது இலை போடலாம்.

இதே தோட்டத்தில் ராஜாஜிக்கும், காமராஜருக்கும், பக்தவத்சலத்துக்கும், இரட்டைமலை சீனிவாசனுக்கும் நினைவிடங்கள் இருக்கின்றன. உயிரோடு இருந்த காலத்தில் ஒருவரோடொருவர் பலமாக அபிப்பிராய பேதம் கொண்டிருந்தவர்கள், இப்போது ஒரே மரங்களின் நிழலில் அமைதியாக அண்டைவீட்டுக்காரர்களாக இருக்கிறார்கள். வ. உ. சி.யின் சிறைவாசத்தை நினைவூட்டும் செக்கு ஒன்றும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். நாலைந்து சுற்று வந்தால் குழந்தைகளுக்குத் தலை சுற்றும். கொளுத்தும் வெயிலில் நாள் முழுவதும் அதை இழுத்த ஒரு படித்த வக்கீலைப் பற்றி அப்போது சொல்லுங்கள். ஒரு பாடப்புத்தகம் செய்ய முடியாததை அந்தக் கல் செய்துவிடும்.

ஒரு தேதி, மூன்று பெயர்கள்

அக்டோபர் 2 காந்தி ஒருவருக்கு மட்டும் உரிய தேதி அன்று. லால் பகதூர் சாஸ்திரி பிறந்தது 1904 அக்டோபர் 2. காமராஜர் மறைந்தது 1975 அக்டோபர் 2. முதலமைச்சர் பதவியைக் காமராஜர் தாமாகவே துறந்ததும் 1963 அக்டோபர் 2-ஆம் தேதிதான். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வகித்த பதவி அது. தோற்று இறங்கவில்லை, யாரும் இறக்கிவிடவில்லை. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சித் தொண்டுக்குத் திரும்ப வேண்டும் என்று தாமே ஒரு திட்டம் வகுத்து, அதைத் தம்மிடமிருந்தே தொடங்கினார். அதே திட்டத்தின்கீழ் மத்திய மந்திரி பதவியை விட்டவர்களில் சாஸ்திரியும் ஒருவர். அடுத்த ஆண்டு நேருஜி மறைந்தபோது, காங்கிரஸ் தலைவராயிருந்த காமராஜரின் சாதுரியத்தால் சாஸ்திரி போட்டியின்றிப் பிரதமரானார்.

சாஸ்திரியின் வீட்டுக் கணக்கு ஒன்று அவருடைய குமாரர் சொல்லப் பலரும் கேட்டிருக்கிறார்கள். பிரதமராயிருந்தபோது குழந்தைகளின் விருப்பத்துக்காக ஒரு பியட் கார் வாங்கினார். கையில் பணம் போதாமல் பாங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். 1966 ஜனவரியில் தாஷ்கெண்டில் அவர் இறந்தபோது கடன் தீரவில்லை. அவருடைய மனைவி லலிதா தேவி தமக்குக் கிடைத்த பென்ஷனிலிருந்து அதை அடைத்தார்.

காமராஜரின் கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால், கிண்டியிலிருந்து மாம்பலம் வரை வந்து, தியாகராய நகர்த் திருமலைப் பிள்ளை சாலைக்குப் போக வேண்டும். அவர் வாடகைக்குக் குடியிருந்த வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. 1975-இல் பிற்பகல் உறக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது அங்கேதான். இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னின்ற அந்த மனிதர் விட்டுச் சென்றவை சில வேட்டி சட்டைகள், புத்தகங்கள், சிறு தொகை ரொக்கம். சொந்த வீடு இல்லை. மறுநாள் ஜனசமுத்திரத்துக்கு நடுவே ஊர்வலமாகக் கொண்டு சென்று காந்தி மண்டபத்துக்கு அருகிலேயே தகனம் செய்தார்கள். அதனால்தான் அக்டோபர் 2 அன்று கிண்டித் தோட்டத்தில் ஒரு பக்கம் ஜயந்தியும் இன்னொரு பக்கம் நினைவு நாளுமாக இரண்டு விழாக்கள் நடைபெறுகின்றன.

மாதத் தவணைகளில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நம் போன்ற மத்தியதரக் குடும்பத்தாருக்கு அந்த வாடகை வீட்டைப் பார்ப்பது ஒரு நல்ல அனுபவம். சொந்த வீடு வேண்டாம் என்று அது உபதேசிக்கவில்லை. பொதுப் பணம் கையில் புழங்கிய வீட்டில் சொந்தப் பணம் எவ்வளவு குறைவாக இருக்கக் கூடும் என்று மட்டும் காட்டுகிறது.

ஆவடியின் பங்கு

தலைவர்களைத் தேடிப் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும் என்று எண்ணுவதும் சரியல்ல. 1955 ஜனவரியில் தலைவர்களெல்லாம் நம்மைத் தேடி ஆவடிக்கு வந்தார்கள். காங்கிரஸ் மகாசபையின் அறுபதாவது மகாநாடு இங்கே கூடியது. தேபர் தலைமை வகித்தார். நேருஜி முன்னின்றார். காமராஜர் அப்போது இந்த ராஜ்யத்தின் முதலமைச்சர். சோஷலிச பாணியிலான சமுதாயமே இலட்சியம் என்ற பிரசித்தி பெற்ற தீர்மானம் நிறைவேறியது இங்கேதான். இந்திய அரசியல் சரித்திர நூல்களில் ஆவடியின் பெயர் நீங்காமல் இடம்பெற்றது அந்தத் தீர்மானத்தால்தான். ஆவடி என்றால் இன்று டாங்கியும் ரயில் பணிமனையும் நினைவுக்கு வருகின்றன. ஒரு தேசத்தின் பொருளாதாரப் பாதை இங்கே விவாதிக்கப்பட்டது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த மகாநாட்டு நகருக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள். தீரர் சத்தியமூர்த்தி காமராஜரின் அரசியல் குரு. சுதந்திரம் வந்த 1947 ஆகஸ்டு 15-இல் காமராஜர் தம் குருவின் இல்லத்துக்குப் போய்த் தேசியக் கொடியை ஏற்றினார்; ஏனெனில் அந்தக் கொடியைப் பார்க்கக் குரு உயிரோடு இல்லை. 1943 மார்ச்சு மாதத்திலேயே சத்தியமூர்த்தி காலமாகிவிட்டார்.

கோவில்பதாகையில் குடியிருக்கும் நமக்குச் சத்தியமூர்த்தியிடம் தனிக் கடனும் உண்டு. சென்னை மேயராக 1939-இல் பொறுப்பேற்ற அவர், நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கப் பூண்டியில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே ஒரு நீர்த்தேக்கம் வேண்டும் என்று வாதாடினார். யுத்த காலம், வெள்ளைக்கார சர்க்கார், பணமுடை. அப்படியும் 1940-இல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 1944-இல் வேலை முடிந்தபோது அவர் மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. அந்த ஏரிக்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர். அங்கிருந்து கால்வாய் வழியே புழலை நோக்கி வரும் தண்ணீர்தான் தலைமுறை தலைமுறையாகச் சென்னையின் தாகத்தைத் தணித்து வருகிறது. தாம் குடிக்காத தண்ணீருக்காகப் பாடுபட்டார் ஒருவர். அவர் பெயரைக் கேட்காமலே குழாயைத் திறக்கிறோம் நாம். இதைவிடப் பெரிய காந்தி கணக்கு வேறு எது?

கடை மூடும் நாள்

இன்னொரு விஷயத்தையும் தாய்மார்களுக்காகச் சொல்ல வேண்டும். அக்டோபர் 2 அன்று மதுக்கடைகள் மூடப்பட்டிருக்கும். பல வீடுகளில் ஆண்டின் நிம்மதியான மாலைகளில் அது ஒன்று.

அந்த ஒரு நாள் மூடலுக்குப் பின்னால் நீண்ட சரித்திரம் இருக்கிறது. 1937 அக்டோபரில் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. கள்ளுக்கடை வருமானம் போனதால் ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதம மந்திரியாக இருந்தபோது, காந்தியடிகள் மறைந்த ஆண்டிலேயே, 1948 அக்டோபர் 2-ஆம் தேதி, மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை மது வியாபாரத்தைச் சர்க்கார் நிறுவனமே நடத்தி வருகிறது.

மதுவிலக்குச் சாத்தியமா, கள்ளச் சாராயத்துக்கு வழி செய்யாதா என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் யோசிக்க வேண்டியது உண்டு. அந்த வாதத்தை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் வேடிக்கையைக் கவனியுங்கள். மது ஒழிந்தால் குறையும் வருமானத்துக்காகப் பிறந்த விற்பனை வரி, வேறு வேறு வடிவங்களில் இன்றும் நிலைத்திருக்கிறது. மதுவும் திரும்பி வந்துவிட்டது. ஆண்டில் 365 நாள் மூடிக் கிடக்கட்டும் என்று விரும்பியவர்களின் பெயரால் ஒரு நாள் மட்டும் கதவைச் சாத்துகிறோம். வட்டியில் ஒரு பைசாவைக் கட்டிவிட்டு, முதல் அடைந்துபோயிற்று என்று எழுதிக்கொள்வது போல இருக்கிறது!

எப்படித் தீர்ப்பது?

கடனைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அடைக்கும் வழியைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. பெரிய திட்டம் எதையும் நாம் முன்வைக்கவில்லை. மூன்று நாள் விடுமுறையில் இரண்டு நாளை உங்கள் இஷ்டப்படி கழியுங்கள். ஒரு பகலை மட்டும் ஒதுக்குங்கள்.

வெளியே கிளம்ப முடிந்தவர்கள் மேலே சொன்ன வழியில் போய் வரலாம்: சென்ட்ரல் மண்டபம், கிண்டித் தோட்டம், திருமலைப் பிள்ளை சாலை. காலையில் கட்டுச்சோறோடு கிளம்பினால் விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம். செலவு ரயில் கட்டணமும் பஸ் கட்டணமுந்தான். விழா நாளில் ஸ்தலங்களில் கூட்டமும் கெடுபிடியும் இருக்குமென்று அஞ்சுகிறவர்கள் மறுநாள் சனிக்கிழமை போகட்டும். மாலைகள் சற்று வாடியிருக்கும். ஆனால் நின்று படிக்க அவகாசம் கிடைக்கும்.

வீட்டிலேயே இருக்கிறவர்கள் ஒரு புத்தகத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கலாம். ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கும் பழக்கம் நம் வீடுகளில் ஒரு காலத்தில் இருந்ததுதான். கதர்க் கடைகளில் அந்தச் சமயத்தில் தள்ளுபடி உண்டு. பண்டிகைத் துணியில் ஒன்றையாவது கைத்தறியாக, கதராக வாங்கலாம். அதன் விலையில் ஒரு பங்கு எங்கோ ஒரு கிராமத்தில் நூற்கும் கையைப் போய்ச் சேருகிறது.

இன்னும் செய்ய விரும்புகிறவர்களுக்கு நம் ஊர் ஏரி இருக்கிறது. சத்தியமூர்த்தி ஓர் ஏரியை உண்டாக்கிவிட்டுப் போனார். நம் முன்னோர் கோவில்பதாகைக்கு ஓர் ஏரியை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அதில் குப்பை கொட்டாமல் இருப்பதும், கொட்டுகிறவரை மரியாதையாகத் தடுப்பதும், கரையில் ஒரு பகல் கை கொடுத்துச் சுத்தம் செய்வதும் எந்தச் சிலைக்கும் போடுகிற மாலையைவிடக் குறைந்தவை அல்ல. காந்தியடிகள் துடைப்பம் எடுத்த கையை மறைத்துக்கொண்டவர் அல்லவே!

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் நம்பிக் கொடுத்த 347 ரூபாய் 12 அணாவை, கடல் கடந்து கடிதம் எழுதி விசாரித்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்தும் உரியவரிடம் சேர்த்தார் காந்தி. தாமதமாகிவிட்டதே என்று கணக்கைக் கிழித்துப் போடவில்லை. நமக்கும் தாமதமாகிவிட்டது, உண்மைதான். அதனால் என்ன? அடுத்த அக்டோபரில் முதல் தவணையைக் கட்டுவோம். பிறகு 'காந்தி கணக்கு' என்று யாரேனும் நம் எதிரில் சொன்னால், "ஐயா, அது தீர்ந்த கணக்கு!" என்று தலை நிமிர்ந்து திருத்தலாம்.